மைல்ஸ் சேரட்டும் என்று சொன்னாயே

எபி,

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து நான் புடவைகூட மாற்றவில்லை, உன் ஃபோன் வந்துவிட்டது. பெங்களூர் ஆபீஸிலிருந்து உன்னை ஜெர்மனிக்கு மாற்றிய ஆர்டர் வந்துவிட்டது, முனிச்சில் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஜெனியின் விசா ஒன்றுதான் பாக்கி என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாய். பிறகு நைனாவைக் கூப்பிடச் சொல்லி, "நைனா, நீதான் ரயில்வே ஆளாச்சே, எந்த ஏர்லைன்ஸ் மெம்பர்ஷிப்ல சேரலாம் சொல்லு" என்று கேட்டாய். நீ விளையாட்டுக்குத்தான் கேட்டாய், எனக்குத் தெரியும். ஆனால் அந்த மனுஷனுக்கு ரிட்டயர் ஆனவரை மறுபடியும் டியூட்டிக்குக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. அன்றிலிருந்து என் ஃபோன் என்னிடம் இல்லை. மூக்குக் கண்ணாடியை நுனிக்குத் தள்ளிக்கொண்டு அதிலேயே கிடக்கிறார். பறக்கப் பறக்க எந்தக் கம்பெனி எவ்வளவு மைல்ஸ் தருகிறது, எத்தனை சேர்ந்தால் ஒரு டிக்கெட் இலவசம், எது எப்போது காலாவதியாகிறது, எந்தக் கம்பெனி எந்தக் கம்பெனியோடு கூட்டு என்று சித்தூரில் வேறு யாருக்கும் தெரியாத விஷயமெல்லாம் இப்போது இவருக்குத் தெரியும். காய்கறிக்காரரிடம்கூடச் சொல்லிவிட்டார்.

அவர் சொல்வதை அவர் சொல்லட்டும். நான் எழுதுவதற்குக் காரணம் வேறு. ஃபோனை வைப்பதற்கு முன் நீ ஒன்று சொன்னாய். "இந்த கிறிஸ்துமஸ்க்கு வரலம்மா. மைல்ஸ் சேரட்டும். அடுத்த வருசம் நானும் ஜெனியும் ஃப்ரீயாவே வந்துடறோம்" என்றாய். நைனா முகமெல்லாம் சிரிப்பாக, "பாத்தியா, எம்புள்ள!" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'சேரட்டும்' என்பது நம் வீட்டு வார்த்தை, எபி. அதை நீ பெட்டியில் வைத்துக்கொண்டு போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். ஃபோனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய்.

நீ பாகாலா குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். ரயில்வேக்காரர்களுக்கு வருஷத்துக்கு இத்தனை பாஸ் என்று உண்டு, குடும்பத்தோடு இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், வருஷம் முடிவதற்குள் எடுக்காவிட்டால் வீணாகிவிடும் என்பதெல்லாம் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜெனிக்குச் சொல். நம் மருமகள் கடைக்காரர் வீட்டுப் பெண், காசு கொடுத்து ரயில் ஏறுவதுதான் உலக வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். நம் வீட்டில் அப்படி இல்லை. நைனா பாகாலா ஜங்ஷனில் புக்கிங் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து திருப்பதிக்கும் காட்பாடிக்கும் மதனப்பள்ளிப் பக்கமும் போகிறவர்களுக்கு நாள் முழுக்க டிக்கெட் கொடுப்பார். ஆனால் தன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு டிக்கெட் வாங்குவது அவருக்கு ஒரு அவமானம். "பாஸ் இருக்கசொல்ல டிக்கெட் எதுக்கு?" என்பார். பாஸ் தீர்ந்துவிட்டால், "பாஸ் இல்லாம எப்டி போறது?" என்பார். ரெண்டும் ஒன்றுதான், நாம் எங்கேயும் டிக்கெட் எடுத்துப் போகப்போவதில்லை.

உன் ரஞ்சிதம் சித்தியின் மூத்த பையனுக்கு ஞானஸ்நானம் கோயம்புத்தூரில் வைத்தார்கள். நீ அப்போது இடுப்பில் இருந்தாய். குழந்தைக்கு ஞானத்தாயாக நான்தான் நிற்க வேண்டும் என்று என் தங்கை நாலு மாதம் முன்பே கேட்டிருந்தாள். எங்களிடம் அந்த வருஷத்துக்கு ஒரே ஒரு பாஸ் மிச்சம் இருந்தது. நான் புடவையெல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். நைனா சாப்பிட்டுக்கொண்டே, "கோயம்புத்தூர் இன்னா தூரம்? இவ்ளோ கிட்டக்கீற ஊருக்குப் போய் யாராவது பாஸைக் கிழிப்பாங்களா?" என்றார். "அப்போ டிக்கெட் எடுங்க" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்குமே அது சரியென்றுதான் பட்டது, அதுதான் கூத்து. நானும் மிஷன் ஸ்கூலில் கணக்கு டீச்சராகச் சம்பளம் வாங்கினவள்தான், கோயம்புத்தூர் டிக்கெட் எனக்கு ஒரு பெரிய விஷயமே இல்லை. ஆனால் பாஸ் வீட்டில் வாழ்க்கைப்பட்டு நானும் பாஸ்காரியாகிவிட்டேன். அந்தக் குழந்தையை வேறு ஒருத்தி கையில் ஏந்தி நின்றாள். ரஞ்சிதம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதற்கப்புறம் எதற்கும் என்னைக் கேட்கவும் இல்லை.

அந்த மிச்சப் பாஸ் என்னவாயிற்று தெரியுமா? டிசம்பர் கடைசி. நைனாவுக்கு லீவு கிறிஸ்துமஸ் வாரத்தில்தான் கிடைத்தது. பாஸ் வீணாகப் போகக் கூடாதே என்று நாம் பூரிக்குப் போனோம். பூரியில் நமக்கு யார் இருக்கிறார்கள்? ஒருத்தரும் இல்லை. ரொம்ப தூரம், அதுதான் அந்த ஊரின் பெருமை. உன் அக்கா சுகந்தி அந்த வருஷம் ஞாயிறு பள்ளி நாடகத்தில் மரியாளாக நடிக்க வேண்டியவள், தனியாக ஒரு பாட்டு வேறு. கிறிஸ்துமஸ் அன்று நாம் விஜயநகரத்தைத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருந்தோம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, நீலத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, அந்தப் பாட்டை முழுசாகப் பாடினாள். எதிர் சீட்டில் இருந்த தெலுங்குக் குடும்பம் கை தட்டி, அவளுக்கு ஒரு ஆரஞ்சு கொடுத்தது. நைனா, "பாரு, பாஸ்ல வந்ததுக்குப் ப்ரைஸ்கூடக் கெடச்சிச்சு" என்றார். எல்லோரும் சிரித்தோம். இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறோம். ஆனால் சுகந்தி அந்த ஆரஞ்சைத் தின்னவில்லை. உன்னிடம் கொடுத்துவிட்டாள். எனக்கு அது மறக்கவே இல்லை.

நம்மைக் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் நாம் போகவில்லை, எபி. பாஸ் எங்கே போகச் சொன்னதோ அங்கே போனோம், எப்போது போகச் சொன்னதோ அப்போது போனோம். நைனாவைக் குறை சொல்லி எழுதுவதாக நினைக்காதே. அவர் ஒரு பைசா வெளியே வாங்காத மனுஷன், அந்தப் பாஸ்தான் சர்க்கார் அவருக்குச் செய்த ஒரே மரியாதை. அதை வீணாக்கினால் தன்னையே வீணாக்கின மாதிரி அவருக்கு. அது எனக்குப் புரிந்தது, அதனாலேயே வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், புரிந்துகொண்டதற்குப் பதிலாக ஒரு தடவையாவது சண்டை போட்டிருக்கலாம்.

உன் அக்கா அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போனபோது நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய், உனக்குப் பாதிதான் தெரியும். அவளும் இப்படித்தான் நைனாவிடம் கேட்டாள். வளைகுடா வழியாகச் சென்னைக்கு வரும் ஒரு கம்பெனியின் திட்டத்தில் இவர்தான் சேரச் சொன்னார். மைல்ஸ் என்றால் என்னவென்று அவள் விளக்கியதும் இவர் கண்ணில் வெளிச்சம் வந்ததே, அதை நீ பார்த்திருக்க வேண்டும். "அட, இது நம்ம பாஸ்தானே!" என்றார். "ஒடைக்காத. சேத்துக்கினே இரு. முழுசா ஒரு ரிட்டன் டிக்கெட் சேர்ற வரைக்கும் தொடாத" என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவளும் நல்ல பிள்ளை, தொடவில்லை. மாப்பிள்ளை சாமுவேலையும் அதிலேயே சேர்த்துவிட்டாள். குறைந்த விலையில் வேறு கம்பெனி ஃப்ளைட் இருந்தாலும், மைல்ஸ் சேராது என்று அதில் ஏற மாட்டாள்.

பிறகு நோரா வயிற்றில் வந்தாள். ஏழாம் மாதம் சுகந்தி ஃபோன் செய்தாள். "அம்மா, நீ வர்றதுக்கு மட்டும் மைல்ஸ் இருக்கு. திரும்பறதுக்குத்தான் டிக்கெட் வாங்கணும். பிரசவத்துக்கு வந்துடறியா?" என்றாள். குரலில் அவ்வளவு ஆசை. நான் பாஸ்போர்ட் எடுத்துவிட்டேன். பிரசவ லேகியம் கிண்டி டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். நைனா சொன்னார், "அடுத்த மாசம் சாமுவேல் டெல்லிக்கு வந்து போறார் இல்ல, அது ஏறிச்சுனா ரிட்டனும் சேந்துடும். கொஞ்சம் சேரட்டுமே." சாமுவேல் வந்து போனார், மைல்ஸும் ஏறியது. அந்த வாரமே கம்பெனிக்காரன் விதியை மாற்றிவிட்டான். நேற்றுவரை ஒரு டிக்கெட்டுக்குப் போதுமாக இருந்தது இன்றைக்குப் போதவில்லை. பாஸுக்குப் பின்னால் சர்க்கார் இருந்தது. மைல்ஸுக்குப் பின்னால் ஒரு வியாபாரி இருக்கிறான், அவன் எப்போது வேண்டுமானாலும் தராசை மாற்றுவான். இது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. அதையும் எப்படியோ ஈடுகட்டினாள், பிறகு பார்த்தால் இலவச சீட்டு பிரசவத் தேதிக்கு முன்னால் ஒன்றுகூடக் காலி இல்லை. காசு கொடுத்தால் சீட்டு இருந்தது. எந்த நாளும் இருந்தது. "ரெண்டாவது பிரசவத்துக்கு ஃபுல் ரிட்டன்ல போய் ஆறு மாசம் இருந்துட்டு வா" என்றார் நைனா. நானும் அதை நம்பினேன்.

குழந்தை பிறந்தது. சாமுவேலுக்கு நைட் டியூட்டி. அவளோடு வேலை பார்க்கும் ஒரு பிலிப்பைன்ஸ் பெண் வந்து குழந்தையைக் குளிப்பாட்டினாள், அந்த ஃபோட்டோவை சுகந்தி எனக்கு அனுப்பினாள். நன்றாகத்தான் குளிப்பாட்டினாள், பாவம். எனக்குத்தான் அந்தக் கையைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இரண்டாவது பிரசவம் என்று ஒன்று வரவே இல்லை. லேகியம் டப்பாவில் கல்லாகிப்போய் வெளியே கொட்டினேன். அதன் பிறகு சுகந்தி மாறிவிட்டாள். கோபமில்லை, வாரா வாரம் ஃபோன் செய்வாள், பணம் வேண்டுமா என்பாள், நோராவைக் காட்டுவாள். எப்போது கேட்டாலும் "நல்லாக்கீறம்மா" என்பாள், அவ்வளவுதான். முன்பெல்லாம் ஸ்கூலில் டீச்சர் முறைத்தால்கூட என்னிடம் வந்து சொல்கிற பெண். ரஞ்சிதம் எப்படிக் கேட்பதை நிறுத்தினாளோ அப்படியே இவளும் நிறுத்திவிட்டாள். தங்கையை இழந்த அதே வழியில் மகளையும் இழந்தேன் என்று எழுதினால் உனக்குப் பெரிய வார்த்தையாகத் தெரியலாம். எனக்கு அப்படித்தான் இருக்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். திட்டத்தில் சேராதே என்று நான் சொல்லவில்லை. உன் கம்பெனி காசில் நீ நிறையப் பறக்கப்போகிறாய், வருவதை ஏன் விட வேண்டும்? ஆனால் எங்கே மைல்ஸ் அதிகம் என்று பார்க்காதே, அதெல்லாம் நைனாவின் கணக்கு. உனக்கு அவசரமாக எங்கே போக வேண்டிவரும் என்று முதலில் யோசி, அந்த ஊருக்கு எந்தக் கம்பெனி தினமும் போகிறது என்று பார், அதில் சேர். நம் ஊர்க்காரர்களுக்கு ஏர்போர்ட் என்றால் சென்னைதான், ரேணிகுண்டா பக்கத்தில் இருந்தாலும் வெளிநாட்டுக்குச் சென்னை என்று ஒரு பழக்கம். உனக்கு அது வேண்டாம். முனிச்சிலிருந்து பெங்களூருக்கு எது சுருக்கோ அதைப் பார், அங்கே இறங்கிப் பலமநேர் வழியாகக் காரில் வந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பாய். மைல்ஸ் சும்மா கிடந்தாலும் சாகாத கம்பெனியாகப் பார். வீட்டு ஆட்கள் பெயரைச் சேர்க்க விடுவார்களா, உன் மைல்ஸில் இன்னொருத்தருக்கு டிக்கெட் எடுக்க விடுவார்களா, கேன்சல் செய்தால் திருப்பித் தருவார்களா என்று அந்தப் பொடி எழுத்தில் இருப்பதைப் படி. கோல்டு மெம்பர், சில்வர் மெம்பர் என்று ஆசை காட்டுவார்கள். அதற்காகத் தேவையில்லாமல் டிசம்பரில் எங்கேயாவது பறந்துவிட்டு வராதே. அது பூரிதான், வேறொன்றுமில்லை.

இன்னொன்று. நைனா உனக்கு அந்த வளைகுடாக் கம்பெனியைத்தான் சொல்லப்போகிறார். நான் சொல்வது, அக்கா இருக்கும் டப்ளினுக்கு எது போகிறதோ அதில் சேர். நாங்கள் இருப்பது தூரம். முனிச்சிலிருந்து அக்கா இருப்பது கோயம்புத்தூர் தூரம்தான். காலையில் ஏறினால் மத்தியானம் அவள் வீட்டில் இருக்கலாம். "அவ்ளோ கிட்ட போறதுக்கு மைல்ஸே ஏறாதே, வேஸ்ட்டு" என்று நைனா இப்போதே சொல்லிவிட்டார். ஏறாவிட்டால் போகட்டும். நீ அவள் வீட்டுக் கதவைத் தட்டு. நோராவுக்கு ஒரு மாமன் இருக்கிறான் என்று தெரியட்டும். என்னிடம் சொல்லாததை ஒருவேளை உன்னிடம் சொல்வாள்.

இதுவரைக்கும் எழுதிவிட்டு, நீ பேசினதற்கு அடுத்த ஞாயிறு சாயந்திரம் நைனாவிடம் படித்துக் காட்டினேன். அவர் என் ஃபோனை என்னிடமே கொடுத்துவிட்டு வெளியே போய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டார். வியாழக்கிழமை அவர் கண்ணைக் காட்டத் திருப்பதி போனோம். கண் டாக்டர் வீட்டுக்கு எதிரே ஒரு டிராவல்ஸ் ஆபீஸ் இருக்கிறது. வெளியே வந்ததும் விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டி அதற்குள் போய் உட்கார்ந்துவிட்டார். மைல்ஸ் சேர்ந்ததும் வர வசதியாக விசாவை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லி, எப்போது வருவீர்கள் என்று கேட்காமலே சுகந்தி கோடையிலேயே பேப்பர் அனுப்பியிருந்தாள், எங்கள் இரண்டு பேருக்கும் விசா வந்து சும்மாதான் கிடந்தது. "டப்ளின், ரெண்டு டிக்கெட். கிறிஸ்துமஸ்க்கு முன்னால" என்றார். கம்ப்யூட்டரில் இருந்த பையன் தட்டிப் பார்த்து, விலையைச் சொல்லி, "அங்கிள், ஃப்ரீக்வென்ட் ஃப்ளையர் நெம்பர் உந்தா?" என்று தெலுங்கில் மைல்ஸ் நம்பர் கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நைனா சிரிக்கவில்லை. "லேது பாபு. டிக்கெட் இவ்வு சாலு" என்றார். நம்பர் இல்லை, டிக்கெட் கொடுத்தால் போதும் என்று.

டிக்கெட்டைக் கையில் வாங்கிக்கொண்டு முன்பக்கம், பின்பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது சொன்னார், "ஊருக்கெல்லாம் டிக்கெட் குடுத்தேம்மே. உனக்கு ஒண்ணு எடுத்துக் குடுக்கறதுக்கு இத்தினி வருசம் ஆயிடுச்சே." நான் டிக்கெட்டை வாங்கி என் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன். 

வீட்டுக்கு வந்து சுகந்திக்கு ஃபோன் செய்தேன். கிறிஸ்துமஸுக்கு வருகிறோம் என்றேன். "மைல்ஸ் இன்னும் சேரலியேம்மா" என்றாள். "டிக்கெட் எடுத்தாச்சுடி" என்றேன். "யாரு எடுத்தது?" "நைனா."   பிறகு அவள் சின்னப் பிள்ளையில் பேசின மாதிரி, "அம்மா, எனக்கு முதுகு வலிக்குதும்மா. நோரா பொறந்ததுலருந்தே வலிச்சுக்கினுதான் கீது. குனிய முடியல" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

நோராவுக்கு அடுத்த மாதம் ஏழு வயது முடிகிறது, எபி. ஏழு வருஷமாக என் பெண்ணுக்கு முதுகு வலித்திருக்கிறது. நான் மைல்ஸ் சேரட்டும் என்று இங்கே உட்கார்ந்திருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு நீயும் ஜெனியும் சித்தூருக்கு வர வேண்டாம், வீடு பூட்டியிருக்கும். அக்கா வீட்டுக்கு வாருங்கள். டிக்கெட் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அம்மா